இருவர் வீட்டுக்கு இருபத்தாறு கிலோ மூட்டை

மொத்தமாக வாங்குபவன் சிக்கனக்காரன், சில்லறையாக வாங்குபவன் ஏமாளி என்னும் கருத்து நம்மிடையே ஏறக்குறைய வேதவாக்காகவே நிலைபெற்றுவிட்டது. நாளிதழ் இணைப்புகளின் குடும்பப் பக்கங்கள் இதை ஓதுகின்றன. பேரங்காடிகளின் வாசலில் தொங்கும் பதாகைகள் இதை முழங்குகின்றன. வெளியூரில் பணிபுரியும் பிள்ளைகள் பெற்றோருக்குத் தொலைபேசியில் இதையே உபதேசிக்கிறார்கள். இக்கருத்தை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மொத்தக் கொள்முதலே தீது என்பது நம் வாதமன்று. யாருக்கு, எந்தப் பொருளில், எவ்வளவு காலத்துக்கு என்று கேளாமல், ஒருவரும் இருவருமாக வாழும் வீடுகளின் தலையில் இதைக் கட்டுவதைத்தான் மறுக்கிறோம்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்கலாம். 'சில்லறை' என்பது அளவைக் குறிக்கும் சொல். அது எவ்வளவு இழிந்துவிட்டது என்று பாருங்கள். சில்லறைப் புத்தி, சில்லறைத்தனம், சில்லறை விவகாரம் என்று வசைகளின் வரிசையில் அது நிற்கிறது. 'மொத்த வியாபாரி' என்றால் மட்டும் குரலில் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. சிறிய அளவைக் கேட்பவன் சிறியவன் என்ற எண்ணம் நம் பேச்சிலேயே ஊறிப்போயிருக்கிறது.

ஆனால் தமிழரின் முகத்தலளவை இந்த எண்ணத்துக்கு உடன்பட்டதன்று. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். இவ்வாய்பாட்டின்படி ஒரு கலத்தில் 768 ஆழாக்கு அடங்கும். களத்துமேட்டில் கலமாக அளக்கப்பட்ட நெல், அரிசியாகி அடுப்படிக்கு வரும்போது ஆழாக்காகவும் உழக்காகவும் அளக்கப்பட்டது. பெரிய அளவைக்குப் பெயர் சூட்டிய சமூகம், அதில் எழுநூற்றில் ஒன்றுக்கும் குறைந்த அளவைக்கும் தனிப்பெயர் சூட்டி, அதற்கென்று ஒரு பாத்திரமும் செய்து வைத்திருந்தது. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்ற பழமொழியும் இந்தப் பழக்கத்திலிருந்து பிறந்ததே. அச்சமூகத்தின் வாரிசுகளாகிய நாம் இன்று, கடைக்காரரிடம் நூறு கிராம் கடுகு கேட்கக் கூச்சப்படுகிறோம்.

மொத்தமாக வாங்குவதில் இன்பம் இல்லை என்று எவரேனும் சொன்னால் அது பொய். அலமாரியில் டப்பாக்கள் நிறைந்து நிற்பதைப் பார்க்கும்போது மனத்தில் ஒரு நிம்மதி பரவுகிறது. மாதத்தின் முதல் ஞாயிறன்று வீட்டுக்கு வரும் சாமான்களைப் பிரித்துக் கொட்டி அடைக்கும் வேளையில், புதுத் துவரம்பருப்பின் மணமும் வரமிளகாயின் நெடியும் சேர்ந்து வீட்டுக்கே ஒரு பண்டிகைக் களையைத் தருவதை நாமும் அனுபவித்திருக்கிறோம். நன்னூலார் தகுதி வழக்கில் ஒன்றாக மங்கலத்தைச் சொல்கிறார். அவ்வழக்கு நம் சமையலறைகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. அரிசி தீர்ந்துவிட்டால் 'இல்லை' என்று சொல்லாத வீடுகள் பல உண்டு, 'நிறைந்திருக்கிறது' என்பார்கள். 'இல்லை' என்ற சொல் வீட்டுக்குள் ஒலிக்கலாகாது என்ற அச்சம் அது. பஞ்சங்களைக் கண்டு வந்த மக்களின் அச்சம். நிறைந்த டப்பா அவ்வச்சத்துக்கு மருந்து. எனவே மொத்தமாக வாங்குபவரை ஆசைக்காரர் என்று ஏளனம் செய்வோரோடு நாம் சேரமாட்டோம். அவரைத் தூண்டுவது பெரும்பாலும் பேராசையன்று. 'இல்லை' என்ற சொல்லின் மீதுள்ள பழைய பயம்.

அப்பயத்தை விற்பனைச் சரக்காக்குவதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

'நம் பாட்டிமார்கள் ஆண்டு முழுமைக்கும் வாங்கி வைக்கவில்லையா?' என்று கேட்பார்கள். வைத்தார்கள். ஆனால் எதை, எப்போது, எத்தனை பேருக்கு என்ற மூன்று கேள்விகளுக்கும் அவர்களிடம் விடை இருந்தது. மாசி, பங்குனியில் புளி வந்தால் வாங்கி, காயவைத்து, கொட்டையெடுத்து, உப்பிட்டுப் பானையில் அடைத்தார்கள். புளி இருக்க இருக்கக் கறுக்குமேயன்றிக் கெடாது. மிளகாயையும் வரத்து மிகுந்து விலை இறங்கும் பருவத்தில் வாங்கி, வெயிலில் உலர்த்தி வைத்தார்கள். நெல்லைக் குதிரிலும் பத்தாயத்திலும் உமியோடு சேமித்தார்கள். உமி தானியத்துக்கு இயற்கை தந்த கவசம். பழைய அரிசி குழையாமல், அளவு கூடி வேகும் என்பதால் நாட்பட்டதையே விரும்பினார்கள். துவரைக்கு விளக்கெண்ணெய் தடவினார்கள். தானியத்தில் வேப்பிலையும் வசம்பும் போட்டார்கள். பத்துப்பேர், பன்னிரண்டு பேர் உண்ணும் வீடு. போதாக்குறைக்கு விருந்தும் வேலையாட்களும். அங்கே மொத்தக் கொள்முதலை நடத்தியது பருவம். இன்று அதை நடத்துவது தள்ளுபடி அறிவிப்பு. புளிக்குப் பருவம் உண்டு. 'மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்பதற்கு என்ன பருவம்?

வீடும் மாறிவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி, குடும்பங்கள் ஏறக்குறைய 1.85 கோடி. வகுத்துப் பார்த்தால் குடும்பத்துக்கு நான்குபேர்கூட இல்லை. இது சராசரி. இதற்குள்தான் பிள்ளைகள் பிரிந்துபோன முதிய தம்பதியர், கணவனை இழந்து தனியே வாழும் பெண்கள், வேலைக்காக நகரத்தில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்கள் எல்லோரும் அடக்கம். ஆனால் சந்தையின் கண்ணில் இன்னும் பத்துப்பேர் வீடுதான் தெரிகிறது போலும்.

இதற்கு அரசின் வரிவிதியே துணைபோன வரலாறு ஒன்றுண்டு. 2022 ஜூலை 18 முதல், பெயரச்சிட்டு முன்கூட்டியே பொதியப்பட்ட அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. 25 கிலோ வரையிலான பொதிகளுக்கு மட்டுமே அவ்வரி. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை. விளைவு என்ன? 25 கிலோவாக இருந்த அரிசி மூட்டை 26 கிலோவாகச் சந்தைக்கு வந்தது. வணிகரைக் குறை சொல்வதற்கில்லை. விதி காட்டிய வழியில் அவர் நடந்தார். நாம் கவனிக்க வேண்டியது வேறு. மூட்டையாக வாங்க வசதியுள்ளவருக்கு வரியில்லை. ஐந்து கிலோப் பையாக வாங்குபவருக்கு வரியுண்டு. தனியே வாழும் ஒருவர், தனியே வாழ்வதற்காகவே ஒரு தண்டம் செலுத்துவதுபோல இது அமைந்துவிட்டது. அதே விதியில் இன்னொரு வாசலும் இருந்தது: கடைக்காரர் மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக அளந்து கொடுத்தால் வரியில்லை. இவ்வாசலை நம்மில் எத்தனை பேர் கண்டோம்? அளந்து கொடுக்கும் கடைகளை ஒவ்வொன்றாக மூடவிட்டபின் அவ்வாசலால் யாருக்குப் பயன்?

அந்த 26 கிலோ மூட்டையையே எடுத்துக்கொள்வோம். இருவர் வாழும் வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 150 கிராம் என்று வைத்தால் மாதம் 9 கிலோ ஆகிறது. மூட்டை தீர ஏறக்குறைய மூன்று மாதம். அரிசி வண்டின் கணக்கு வேறு. பெண் வண்டு அரிசி மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டுத் துளையை மூடிவிடுகிறது. நம் ஊர் வெப்பத்தில் அது முழு வண்டாக வெளிவர ஏறக்குறைய ஒரு மாதம் போதும். அதாவது, மூட்டை காலியாவதற்குள் வண்டு இரண்டு தலைமுறையைக் கண்டுவிடும். வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத முட்டை, இரண்டாம் மாதத்தில் சுளகில் ஓடுகிறது. பத்துப்பேர் வீட்டில் மூட்டை மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும்; வண்டுக்கு அவகாசமே இல்லை. ஒரே மூட்டை, ஒரே விலை. பெரிய வீட்டுக்கு அது ஆதாயம். சின்ன வீட்டுக்கு அது பந்தயம்.

அரிசியாவது புடைத்தால் மிஞ்சும். மற்றவை? தவிட்டோடு கூடிய அரிசியை உடல்நலத்தின் பெயரால் பத்துக் கிலோ வாங்கி வைக்கிறார்கள். தவிட்டிலுள்ள எண்ணெய் சிக்கெடுத்துப்போவதால் தீட்டிய அரிசியளவுக்கு அது தாங்காது. மிளகைப் பொடியாக்கினால் அதன் மணத்துக்குக் காரணமான எண்ணெய் காற்றில் கலந்து போய்க்கொண்டே இருக்கும். மல்லித்தூள், சாம்பார்ப்பொடி எல்லாவற்றுக்கும் இதுவே விதி. ஐந்து லிட்டர் கடலெண்ணெய் டின்னைத் திறந்த நாளிலிருந்து காற்றும் ஒளியும் தம் வேலையைத் தொடங்கிவிடும். பொட்டலத்தின்மேல் அச்சிட்ட தேதி பிரிக்காத பொட்டலத்துக்கு உரியது. பிரித்த பொட்டலத்தின் ஆயுளை அது சொல்வதில்லை. ஐந்துபேர் வீட்டில் பிரித்த பொட்டலத்துக்கு ஆயுள் ஒரு வாரம். ஒருவர் வீட்டில் அது மாதக்கணக்கில் பிரிந்தே கிடக்கிறது.

இனிப் பணக்கணக்கு. எடுத்துக்காட்டாக, ஒரு பருப்பு கிலோ 160 ரூபாய் என்றும், ஐந்து கிலோப் பை 700 ரூபாய் என்றும் கொள்வோம். பையில் கிலோ 140 ரூபாய். நூறு ரூபாய் மிச்சம் என்று மகிழ்கிறோம். ஆனால் ஒரு கிலோ பூச்சியரித்துப்போனால் நாம் உண்டது நான்கு கிலோ. கிலோவின் உண்மை விலை 175 ரூபாய். எந்த எல்லையில் ஆதாயம் மறைகிறது? ஐந்து கிலோவில் 625 கிராம் வீணாகும்போது. அது எட்டில் ஒரு பங்கு. தள்ளுபடியும் எட்டில் ஒரு பங்கே. எத்தனை விழுக்காடு தள்ளுபடியோ, அத்தனை விழுக்காடு குப்பைக்குப் போனால் ஆதாயம் பூச்சியம். அதற்குமேல் போனால் நட்டம். எந்தப் பொருளுக்கும் பொருந்தும் இவ்விதியை எந்தப் பதாகையும் நமக்குச் சொல்வதில்லை. வீணாகும் பங்கு பெரும்பாலும் ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், ஒரே தள்ளுபடி பெரிய குடும்பத்துக்குப் பரிசாகவும் சிறிய குடும்பத்துக்குப் பொறியாகவும் அமைகிறது.

குப்பைக்குப் போகாவிட்டால் வயிற்றுக்குப் போகிறது. டின்னில் எண்ணெய் மிகுந்திருக்கும்போது கை தாராளமாகச் சாய்வதைக் கவனித்தவர்கள் அறிவார்கள். பெரிய பொட்டலத்து முறுக்கும் பிஸ்கட்டும் 'கெட்டுப்போவதற்குள் தீர்க்கவேண்டும்' என்ற கடமையுணர்வோடு தின்னப்படுகின்றன. சர்க்கரை நோயோடு வாழும் தம்பதியர் ஐந்து கிலோச் சர்க்கரையைத் தள்ளுபடிக்காக வாங்குவதில் என்ன சிக்கனம் இருக்கிறது? உலகளவிலும் செய்தி இனிதாக இல்லை. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. உணவகங்களும் அங்காடிகளும் மிச்சத்துக்குத்தான் பொறுப்பு.

'விலையை ஒப்பிட்டுப் பார்த்து வாங்கவேண்டியதுதானே' என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒப்பிடுவதற்கு உதவவே, 2021-இல் திருத்தப்பட்ட பொதியப் பண்ட விதிகள் பொட்டலத்தின்மேல் அலகு விலையை அச்சிடக் கட்டளையிட்டன. நல்ல நோக்கம். ஆனால் விதி எப்படி அமைந்தது? ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கு இவ்வளவு என்றும், மிகுந்த பொட்டலத்தில் கிலோவுக்கு இவ்வளவு என்றும் அச்சிட வேண்டும். அரைக்கிலோப் பொட்டலத்தில் '0.32' என்றிருக்கும், இரண்டு கிலோப் பொட்டலத்தில் '290.00' என்றிருக்கும். எழுத்தோ எறும்பளவு. மூக்குக்கண்ணாடியோடு அங்காடியில் நிற்கும் முதியவர், ஒன்றை ஆயிரத்தால் பெருக்கி மற்றதோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிடுவதற்காக வந்த விதி ஒப்பீட்டுக்குத் தடையாக நிற்பதைவிட நகைமுரண் வேறில்லை. அதே திருத்தம், சில பண்டங்களை இன்னின்ன அளவுகளில்தான் பொதியவேண்டும் என்ற பழைய பட்டியலையும் நீக்கிவிட்டது. 500 கிராமும் 470 கிராமும் அருகருகே நிற்கும்போது மனக்கணக்கு எப்படி நடக்கும்?

'பெரியதே மலிவு' என்பது எல்லாப் பொருளுக்கும் பொருந்துவதுமில்லை. ஷாம்பூவைப் பாருங்கள். சிறு பொட்டலத்தின் விலையை மில்லிலிட்டரால் வகுத்தால், புட்டியைவிடப் பொட்டலம் மலிவாக இருப்பதைப் பலமுறை காணலாம். ஷாம்பூவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து ஏழை வீடுகளுக்கும் கொண்டுசேர்த்ததில் கடலூர்க்காரர்களுக்குப் பெரும்பங்குண்டு. சின்ன அளவிலும் நியாயமான விலைக்கு விற்று ஒரு தொழில் செழிக்க முடியும் என்பதை நம் மண்ணே நிரூபித்திருக்கிறது. அப்பொட்டலங்கள் சாக்கடைகளை அடைக்கும் கேட்டை நாம் மறக்கவில்லை; அது நெகிழியின் குற்றம், சிறிய அளவின் குற்றமன்று.

எதிர்வாதங்களில் மதிக்கத்தக்கவையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2020 மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், வீட்டில் கையிருப்பு வைத்திருந்தவர்களே கவலையின்றி உண்டார்கள் என்பது உண்மை. பதினைந்து நாள் கையிருப்பு எந்த வீட்டுக்கும் தேவை. அதை நாமும் வலியுறுத்துகிறோம். ஆனால் பதினைந்து நாளுக்கும் ஐந்து மாதத்துக்கும் இடையில் பெரிய தொலைவு இருக்கிறது. அடிக்கடி கடைக்குப் போகும் அலைச்சல் குறையும் என்பார்கள். உண்மைதான், ஆனால் மூட்டையைத் தூக்குவதும், காயவைப்பதும், புடைப்பதும், டப்பா கழுவுவதும் யாருடைய அலைச்சல்? அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவரால் 26 கிலோ மூட்டையை அடுக்களை மூலையிலிருந்து நகர்த்தவும் முடியாது. அமெரிக்காவிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ செயலிவழி மூட்டை அனுப்பும் பிள்ளையின் அன்பை நாம் ஐயுறவில்லை. அவ்வன்பு வாசலில் இறக்கிவைக்கப்பட்டபின் அதை உள்ளே கொண்டுசெல்லத்தான் ஆளில்லை.

அப்படியானால் மொத்த விலையின் ஆதாயம் சின்ன வீட்டுக்கு எட்டவே எட்டாதா? எட்டும். அதற்கான வழியை உலகம் கண்டுபிடித்து நூற்றெண்பது ஆண்டுகள் ஆகின்றன. 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் சேர்ந்து ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி, அவ்வளவுதான் சரக்கு. மொத்தமாக வாங்கியது சங்கம். சில்லறையாக வாங்கியது வீடு. ஆதாயம், வாங்கிய அளவுக்கேற்ப உறுப்பினர்களுக்கே திரும்பியது. அம்முன்மாதிரியில் சென்னையில் 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மூட்டை வாங்கும் சுமை ஊருக்கும், உழக்கு வாங்கும் உரிமை வீட்டுக்கும் என்று பகிர்ந்தமைத்த ஏற்பாடு அது. இன்றைய பேரங்காடி இதைத் தலைகீழாக்கியிருக்கிறது. கிடங்கின் வேலையை நம் வீட்டுக்கு மாற்றிவிட்டு, அதைச் சலுகை என்று சொல்கிறது. சரக்கு கெடும் அபாயம் நம்முடையது, இடம் நம்முடையது, முடங்கிக்கிடக்கும் பணமும் நம்முடையது. சம்பளம் வாங்காத கிடங்குக் காப்பாளராக நம்மை அமர்த்தியதற்கு நாமே நன்றி சொல்கிறோம்.

சின்ன வீட்டார் செய்யத்தக்கவை சில உண்டு. உப்பு, புளி, முழு மிளகு, துணி சோப்பு போன்றவற்றை அஞ்சாமல் மொத்தமாக வாங்கலாம். சோப்பு உலர உலரக் குறைவாகவே கரையும். பொடி, ரவை, எண்ணெய், கொட்டை வகைகள், தின்பண்டம் ஆகியவற்றைப் பதினைந்து நாளுக்கு மேல் வாங்கலாகாது. அடுக்ககத்தில் மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு மூட்டையைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஊர்ப்புறத்தில் பங்குக்கறி என்ற பழக்கம் உண்டல்லவா? கறிக்கு ஒத்துவந்தது அரிசிக்கு ஒத்துவராதா? எல்லாவற்றுக்கும் மேலாக, அளந்து கொடுக்கும் தெருமுனைக் கடையைக் கைவிடாதிருக்கலாம். அவர் கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாக வாங்கினால், அது நமக்காக அவர் வைத்திருக்கும் கிடங்கின் வாடகை.

வள்ளுவர் வரவறிந்து செலவிடும் அறிவுரையை எங்கே வைத்தார் என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். அதை இல்லறவியலில் வைக்கவில்லை. பொருட்பாலில், பகைவர்மேல் படையெடுக்கும் அரசனுக்குச் சொல்லும் வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். தன் அளவை அறிவது கஞ்சனின் குணமாக அவருக்குத் தோன்றவில்லை. வலிமையின் இலக்கணமாகத் தோன்றியது. இருவர் வீட்டின் அளவு இருவர் அளவே. அதை அறிந்து, அங்காடியின் மூட்டை மலைக்கு முன்னால் நின்று, 'எனக்கு அரைக்கிலோ போதும், அளந்து கொடுங்கள்' என்று கேட்பதற்கு எவரும் கூச வேண்டியதில்லை. அளந்து கொடுக்க முடியாத கடைதான் கூச வேண்டும்.